கூந்தற்பனையை வீட்டில் வளர்ப்பது எப்படி?

மாமரத்தில் ஒட்டுக் கட்டலாம். மல்லிகையில் பதியன் போடலாம். ஒற்றைத் தண்டுள்ள பனையினத்திலோ இவ்வுபாயங்கள் பலியா. அதற்கு உள்ளது ஒரே குருத்து. அதை வெட்டினால் மரமே மாண்டுவிடும். ஆகையால், முற்றத்தில் அழகுக்கு ஒரு பனை வேண்டுவோர் விதையையே நாட வேண்டும்.

நமது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தானே வளரும் கூந்தற்பனை இதற்கு மிகவும் ஏற்றது. இலை மீன்வால் போன்றது. பூங்குலை அவிழ்த்துவிட்ட கூந்தல் போன்றது.

சிவந்து பழுத்த கனிகளையே பொறுக்குக. சதையில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உண்டு. வெறுங்கையால் தொட்டால் அரிப்பெடுக்கும். எனவே கையுறை அணிந்து, கனிகளை இரண்டு மூன்று தினங்கள் நீரில் ஊறவைத்துச் சதையை நீக்கிக் கழுவுக. விதையை வெயிலில் உலர்த்தலாகாது. உலர்ந்தால் முளைக்கும் சக்தி குன்றிவிடும். மணலும் இலைமக்கும் சமமாகக் கலந்த ஆழமான தொட்டியில் ஓரங்குல ஆழத்தில் ஊன்றி, வெப்பமான நிழலில் வைத்து, ஈரம் காயாமலும் நீர் தேங்காமலும் காத்து வருக.

இனி வேண்டியது பொறுமை. வேர் முதலில் கீழே இறங்கும். இலை வெளிப்படப் பல மாதங்கள் செல்லலாம். 'முளைக்கவில்லை' என்று அவசரப்பட்டுத் தொட்டியைக் கவிழ்ப்பவர், உள்ளே உயிரோடிருக்கும் கன்றையே கொன்றுவிடக் கூடும்.

இம்மரம் உச்சியில் பூக்கத் தொடங்கிக் கணுக்கணுவாகக் கீழிறங்கும். கடைசிக் குலை பழுத்தபின் பட்டுப்போகும். அண்டை வீட்டில் ஒன்று பழுத்து நிற்கக் கண்டால் நேயர்கள் தாமதியாது விதை எடுக்கவேண்டும். அம்மரத்துக்கு வேறு சந்ததி இல்லை.