ஏன் .315?

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் இந்தியாவில் வேட்டை ஓய்ந்தாலும், உரிமத் துப்பாக்கி என்றதும் '.315' என்ற எண் வருகிறதே, ஏன்?

அது குழல் விட்டத்தைக் குறிக்கும் எண்: 0.315 அங்குலம், அதாவது 8 மில்லிமீட்டர். ஆங்கிலேயப் படையின் தோட்டா .303. படைத் தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியில் வெடிக்கக் கூடாதென்று அரசு அந்த அளவைத் தடுத்தது; அதற்கு மாற்றாக வந்ததே .315.

.303 தோட்டாவை .315 துப்பாக்கி எப்படித் தடுக்கிறது? .303 தோட்டா உறையின் நீளம் 56 மில்லிமீட்டர். ஆஸ்திரிய மான்லிஷர் தோட்டாவிலிருந்து வந்த .315 உறை 50 மில்லிமீட்டர். நீண்ட உறை தோட்டா அமரும் குட்டையான அறைக்குள் அடங்காது.

இஷாப்பூர் துப்பாக்கி ஆலை, படைக்குப் பழகிய லீ-என்ஃபீல்டு பொறியமைப்பிலேயே .315 துப்பாக்கியைச் செய்தது. பொறி ஒன்று, அறை வேறு. ஆறு மில்லிமீட்டரே பூட்டாக நின்றது.