வளைவில் வற்றும் எண்ணெய்

திருப்பூர்ப் பகுதியினர்க்கு எண்ணெயின் அருமையை எடுத்துரைத்தல் வேண்டுவதன்று. வட்டப் பின்னற்பொறி ஒன்றிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகள் ஓயாது ஏறியிறங்குகின்றன. அவற்றிற்குச் செல்லும் எண்ணெய் சிறிது தடைப்படினும் ஊசி சூடேறும், தேயும், துணியிலே கோடு விழும். நிலைபெயராது நிற்கும் பொறிக்கே இத்துணைக் கருத்து வேண்டுமாயின், ஓடியும் திரும்பியும் அலையும் மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கு எத்துணைக் கருத்து வேண்டும்! தமிழ் பயில்வார்க்கு எஞ்சினோடு என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நம் பட்டறைகளில் நாடோறும் நிகழ்வதொன்றைத் தமிழில் விளங்கச் சொல்ல மாட்டோமாயின், யாம் தமிழ் கற்றதனாலாய பயன்தான் யாது?

மோட்டார்ப் பந்தயம் நம் நாட்டிற்குப் புதியதன்று. சென்னைக்கு அருகிலுள்ள சோழவரத்தின் பழைய விமானத்தளத்தில் முற்காலத்துப் பந்தயங்கள் நடைபெற்றன. 1990-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஓடுதளம் திறக்கப்பட்டது. பல்லடத்திற்கு மேற்றிசையில், செட்டிப்பாளையத்தில், 1995-ஆம் ஆண்டில் மறைந்த கரிவர்தன் அவர்களின் பெயர்தாங்கிய ஓடுதளம் 2003-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதன் நீளம் சுமார் 2.1 கிலோமீட்டர். இத்தகைய பந்தயங்களுள் ஒருவகை 'ஆட்டோகிராஸ்' எனப்படும். திறந்த வெளியிலே கூம்புகளை நட்டு, வண்டிகளைத் தனித்தனியே நெளிந்து வளைந்து ஓடச்செய்து, நேரத்தைக் கணக்கிடுவர்.

அமெரிக்க நாட்டில் 1960-களில் பெரிய எஞ்சின் பொருத்தி விற்ற வண்டிகளை 'மசில் கார்' என்பர். 1964-ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. அவ்வகையில் முன்னின்றது. நம் நாட்டிலே அப்பெயரை அன்பர் பலர் கான்டெஸாவுக்கு வழங்குவர். பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டரை அடியாகக் கொண்டு, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை செய்த வண்டி அது. இத்தகைய பழைய வண்டிகள் நேர்வழியில் நெடுந்தூரம் செல்லச் சமைந்தவை. கூம்புகளினிடையே நெளிந்தோடச் சமைந்தவையல்ல. இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகின்றது.

எஞ்சினின் அடியிலே ஓர் எண்ணெய்த் தொட்டி உண்டு. பட்டறையார் அதனைச் 'சம்ப்' என்பர். அதனுள் தாழ்ந்து நிற்கும் உறிஞ்சுகுழாய் வழியாகப் பம்பு எண்ணெயை இழுத்து, கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கு அனுப்புகின்றது. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையேயுள்ள வெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கேயாம். அவ்வெளியில் சுழலும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச்சென்று ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கி, அப்படலத்தின்மேல் தானே மிதக்கின்றது. இவ்வுண்மையை 1883-ஆம் ஆண்டில் பீச்சம் டவர் என்பார் சோதனையாற் கண்டார். 1886-ஆம் ஆண்டில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்பார் கணிதத்தால் விளக்கினார். படலம் உள்ளவரை உலோகமும் உலோகமும் தீண்டா. படலம் அறின், நிமிடத்திற்கு 3000 முறை சுழலும் தண்டு ஒரு விநாடியில் 50 முறை பேரிங்கை உராயும். பேரிங் உருகவும் தண்டு கீறுண்ணவும் நெடும்பொழுது வேண்டா.

தொட்டியில் எண்ணெய் நிரம்பியிருக்கவும் பம்பு வறள்வது எங்ஙனம்? நிறைகுடத்தை ஏற்றிய மாட்டுவண்டி விரைந்து திரும்புங்கால் நீர் ஒருபுறம் ஏறி வழிவதை யாவரும் கண்டுள்ளோம். எண்ணெயும் அவ்வாறே ஏறும். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டியைக் கருதுக. வேகம் விநாடிக்கு 10 மீட்டர். அதன் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க, பக்கவாட்டு முடுக்கம் 6.7 ஆகின்றது. இது புவியீர்ப்பில் மூன்றில் இரண்டு பங்கு. அப்போது எண்ணெயின் மேற்பரப்பு ஏறக்குறைய 34 பாகை சாய்ந்து நிற்கும். தொட்டியின் அகலம் 24 சென்டிமீட்டராயின், ஒருபுறம் எண்ணெய் 8 சென்டிமீட்டர் ஏற, மறுபுறம் அவ்வளவே இறங்கும். இறங்கிய புறத்தில் உறிஞ்சுகுழாயின் வாய் இருப்பின் அது காற்றையே உண்ணும்.

மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது பேருந்தும் செல்லும் வேகமன்றோ என வினவலாம். தீங்கு வேகத்தால் மட்டும் வருவதன்று. வளைவின் குறுக்கமும் அதற்குக் காரணமாம். கூம்புகளைச் சுற்றி இடமும் வலமுமாக மாறி மாறித் திரும்புகையில் எண்ணெய் அலைபோல் மோதி நுரைக்கவுஞ் செய்யும். விசை அழுத்தின் எண்ணெய் பின்னோடும். பிரேக் பிடிப்பின் முன்னோடும். தொட்டியின் பின்புறத்தே குழாய் உள்ள எஞ்சின் பிரேக்கின்போது வறளும். முன்புறத்தே உள்ளது விசையேற்றும்போது வறளும்.

மற்றொரு காரணமும் உண்டு. பலர் அதனைக் கருதுவதில்லை. பழைய வண்டியின் தொட்டி அக்காலத்து மெல்லிய டயர்களின் பிடிப்புக்கேற்ப அமைந்தது. இக்காலத்து அகன்ற பந்தய டயரை மாட்டின் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பை எட்டவுங்கூடும். அப்போது சாய்வு 45 பாகையாம். டயரை மாற்றியவர் தொட்டியை மாற்றாதொழிதலே எஞ்சின் மாள்வதற்குப் பெரும்பாலும் முதற்படியாகின்றது.

இனி, காக்கும் வழிகளை எளியதிலிருந்து அரியது ஈறாக முறையே கூறுவாம்.

முதலாவது, ஒவ்வோர் ஓட்டத்திற்கு முன்னும் அளவுகோலில் எண்ணெய் மேற்குறியளவு நிற்கின்றதா எனக் காண்க. அரை லிட்டர் மிகையாக ஊற்றுவாரும் உளர். அதற்குமேல் ஊற்றின் கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும், நுரை படலமாகாது.

இரண்டாவது, தொட்டியைக் கழற்றி உள்ளே நோக்குக. குழாயின் வாய்க்கும் தொட்டியின் அடிக்கும் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருத்தல் நன்று. வேகத்தடையில் இடித்து அடி நசுங்கியிருப்பின் அவ்விடைவெளி அடைபட்டிருக்கும். வல்லையிலே பிதுங்கிய பசைத்துணுக்கும் ஆண்டு நிற்கக்கூடும்; அதனை அகற்றுக.

மூன்றாவது, தொட்டியினுள் தடுப்புத் தகடுகளைப் பற்றவைத்து, அவற்றிற் சிறுகதவுகளை அமைத்தல். எண்ணெய் குழாயை நோக்கி வருங்கால் கதவு திறக்கும்; விலகியோட முயலின் மூடிக்கொள்ளும். கிணற்றுக் குழாயின் அடியிலுள்ள புட்வால்வைப் போன்றதே இது. நல்ல பட்டறையில் ஓரிரு நாளில் முடியும் இவ்வேலை, செலவை நோக்கப் பயன் மிக்கது. தொட்டியின் இருபுறமும் சிறகுபோல் அகலம் கூட்டி எண்ணெயின் கொள்ளளவைப் பெருக்குதலும் உண்டு.

நான்காவது, அழுத்தச் சேமக்கலம். ஓர் உருளையினுள் ஒருபுறம் காற்றும் ஒருபுறம் எண்ணெயுமாக நிற்கும். பம்பின் அழுத்தம் குன்றிய கணமே காற்று எண்ணெயைத் தள்ளிப் பேரிங்குகளை நனைக்கும். ஐந்தாவது, எண்ணெயைத் தொட்டியில் நிற்கவிடாது வேறு பம்பால் இறைத்து, உயர்ந்த தனிக்கலத்திற் சேர்க்கும் 'டிரை சம்ப்' முறை. 1954-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். வண்டியில் இஃது அமைந்திருந்தது. திறமான முறையே ஆயினும் பெருஞ்செலவினது. பொழுதுபோக்காய் ஓட்டுவார்க்கு முதல் மூன்று வழிகளுமே பெரிதும் துணையாம்.

செய்யத்தகாதது ஒன்றுண்டு. பெரிய பம்பு மாட்டினால் குறை தீரும் என்று சிலர் எண்ணுவர். கிணற்றுநீர் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கியபின் பெரிய மோட்டார் வைத்தவர்க்கு நீர் கிடைக்குமோ? பெரிய பம்பு எண்ணெயை விரைந்து மேலேற்றித் தொட்டியை முன்னிலும் விரைவாக வறட்டும்.

இவ்வனைத்திற்கும் துணையாக அழுத்தமானியை மாட்டுக. சிவப்பு விளக்கை நம்பற்க. அழுத்தம் மிகக் குன்றிய பின்னரே அஃது எரியும். ஒவ்வோர் 1000 சுற்றுக்கும் சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோகிராம் அழுத்தம் வேண்டும் என்பது பழைய வழக்கு. ஓட்டுவார் கண் கூம்பின்மேல் இருக்குமாதலின், சிறு காமிராவால் மானியைப் படம்பிடித்துப் பின்னர்ப் பார்த்தல் நலம். வளைவுதோறும் முள் தாழுமாயின், சத்தம் எழுமுன்னரே நோய் வெளிப்பட்டதாம். கீழிருந்து தட்டொலி கேட்பின் அக்கணமே எஞ்சினை நிறுத்துக. ஒடிந்த தண்டு எஞ்சினின் சுவரைப் பிளப்பின், கொதிக்கும் எண்ணெய் புகைக்குழாயின்மேற் சிந்தித் தீப்பற்றவுங் கூடும்.

கான்டெஸா போன்ற வண்டிகளுக்குப் புதிய உறுப்புக்கள் இன்று எளிதிற் கிட்டுவனவல்ல. ஒரு வளைவில் மாண்ட கிராங்க் தண்டிற்கு ஈடுதேட மாதங்கள் பல கழியும். சிலபோது கிட்டாமலேயும் போம். ஒரு தந்தை பேணி வைத்த வண்டியை மகன் ஒரு பிற்பகலில் இழத்தல் எளிது. ஆதலின், வண்டியை விரைவிக்க முதலிற் செலவிட எண்ணும் அன்பர்கள், தொட்டியைக் கழற்றி உள்ளே ஒருமுறை நோக்குவாராக.