வீடு விற்பனைக்கு... காபி இலவசம்!

பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் வீடு பார்க்க வருகிறவர்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டு கோஷ்டியுமே காபி சாப்பிடும். இரண்டுமே ‘ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றோம்’ என்று எழுந்திருக்கும். அதற்கப்புறம் இரண்டுமே போனை எடுக்காது. ஒரே ஒரு வித்தியாசம்... பெண் பார்க்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்க்க மாட்டார்கள்!

சும்மா சொல்லவில்லை. மாயவரத்தில் எங்கள் பூர்வீக வீட்டை விற்பதற்காக 2021-ல் ஆரம்பித்து மூன்றரை வருஷம் அலைந்தவன் நான். வந்து பார்த்தவர்கள் மொத்தம் 43 பார்ட்டி. இந்தக் கணக்கு என் மனைவியுடையது. காபிப் பொடிச் செலவை வைத்துச் சொன்னாள்.

வீடு தாத்தா கட்டியது. 22 அடி அகலம், 160 அடி நீளம். திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அடுக்களை, கிணறு, அதற்கும் அப்பால் கொல்லை. வாசலில் தபால்காரர் குரல் கொடுத்து, கொல்லையில் இருக்கிற அம்மா வந்து சேருவதற்குள் அவர் அடுத்த தெருவில் இருப்பார். காவிரிக் கரை ஊர்களில் இந்த ரயில்பெட்டி வீடுகள்தான் தெருவுக்குத் தெரு. நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவர்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் நாம் தும்முவோம்.

அப்பா 2019-ல் காலமானார். அம்மாவை நான் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டேன். வீடு பூட்டிக் கிடந்தது. ஓட்டு வீட்டைப் பூட்டி வைத்தால் அது கோபித்துக்கொள்ளும் ஸார்! பூனை ஓடி ஒரு ஓடு நகரும். அந்தச் சந்தில் மழை இறங்கும். ரீப்பர் உளுத்துப் போகும். அடுத்த ஐப்பசிக்குள் நாலு ஓடு தரையில் கிடக்கும். 2020 மழையில் அடுக்களைக் கூரை ஒரு பக்கம் சரிந்தது. “வித்துடலாம்ப்பா” என்று முதலில் சொன்னது அம்மாதான்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா திருச்சியில் வாடகை வீட்டில் இருந்தாள். அத்தான் போய் எட்டு வருஷம். பதினோரு மாத அக்ரிமென்ட் முடிகிறபோதெல்லாம் ஒன்று வாடகை ஏறும், இல்லையென்றால் வீடு மாறும். அவள் பங்கு கைக்கு வந்தால் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கிவிடலாம். ஆனால், அவள் ஒரு தடவைகூடப் பணத்தைப் பற்றிப் பேசியதில்லை. போனில், “வீட்டைப் பார்க்க யாராவது வந்தாங்களாடா?” என்பாள். அவ்வளவுதான்.

ஐந்து பங்கு, ஐந்து விலை

அப்பா உயில் எழுதி வைக்கவில்லை. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், பெண்கள் எல்லோருக்கும் சமபங்கு. அம்மா, அண்ணன், அக்கா, நான், தம்பி... ஆக ஐந்து பங்கு.

பங்கு ஐந்து என்றால் விலையும் ஐந்து! பெங்களூரு அண்ணன், “எண்பது லட்சத்துக்கு ஒரு பைசா குறையக் கூடாது” என்றார். நியூஜெர்சி தம்பி அதற்கும் மேலே போனான். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தமிழ்நாட்டின் 38-வது மாவட்டமாக ஆகிவிட்டதல்லவா... “ஜில்லா தலைநகர்ண்ணே! ஒரு கோடி சொல்லுங்க” என்றான். அக்கா, “நீங்க எல்லாம் பார்த்துச் சொல்றதுதான்” என்றாள். அம்மா, “வாங்கறவங்க நல்லவங்களா இருக்கணும்” என்றாள். என் விலையை யாரும் கேட்கவில்லை.

பேப்பரில் வரி விளம்பரம் கொடுத்தேன். ‘துலாக்கட்டத்துக்கு நடக்கும் தூரம். உரிமையாளர் நேரடி விற்பனை. புரோக்கர்கள் தொடர்புகொள்ள வேண்டாம்.’ முதல் நாள் 14 போன் வந்தது. பதினாலும் புரோக்கர்கள்!

அதில் ஒருவர் என்னை விடவே இல்லை. “ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா ஸார்? ஒரே வாரத்துல முடிச்சுடலாம்” என்று பத்திர நகலை வாங்கிக்கொண்டு போனார். வாரம் போயிற்று. மாசம் போயிற்று. கேட்டால், “என்ன ஸார் பண்றது, மாயூரம்தானே? மெட்ராஸ் விலையா போகும்?” என்றார். பழமொழியை இப்படிக் கூட மடக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வந்தவர்கள் பலவிதம்

வாஸ்து பார்ட்டிதான் முதலில் வந்தது. செல்போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு ரேழியிலிருந்து கொல்லை வரை நடந்தார். “தெற்குப் பார்த்த வாசலா இருக்கே?” என்றார். வடசிறகு வீடு தெற்கே பார்க்காமல் எங்கே பார்க்கும்? தெரு முழுக்க அப்படித்தான், எல்லோரும் பேரன் பேத்தி எடுத்தாயிற்று என்றேன். அடுத்து கிணற்றடியில் நின்றார். “கிணறு வாயு மூலையில இருக்கு. ஈசான்யத்துல இருக்கணுமே... நகர்த்த முடியுமா?” கிணற்றை!

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் காரில் வந்தார். தூணைத் தடவினார். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. காபியைக் குடித்து முடித்துவிட்டு, “வீடு வேணாங்க. வாசக்கதவு, நிலை, இந்த நாலு தேக்குத் தூண், ஊஞ்சப் பலகை... இதுக்கு மட்டும் என்ன விலை சொல்றீங்க?” என்றார். நாலு தூணையும் கொடுத்துவிட்டால் தாழ்வாரத்தை யார் தலையில் தாங்குவது?

இன்னொருவர் கணக்கில் புலி. “மனைக்குத்தான் ஸார் விலை. கட்டடம் மைனஸ். இடிக்கிற கூலி, மண் அள்ளுற லாரி வாடகை எல்லாம் நீங்க கழிச்சுத் தரணும்” என்றார். தாத்தா மட்டும் கட்டாமல் விட்டிருந்தால் எங்களுக்கு லாபம் என்று புரிந்தது.

திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்காக லாட்ஜ் கட்டலாம் என்று ஒரு கோஷ்டி வந்தது. தெருவின் அகலத்தை டேப் வைத்து அளந்தது. இந்த அகலத்துக்கு அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அனுமதி வாங்க முடியாது என்று போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர். வருகிற ஒவ்வொருவரிடமும், “நடுச்சுவர் எங்களுது” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, சாயங்காலம் என்னிடம் பாதி விலைக்குக் கேட்பார்.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிற்று. நல்ல பார்ட்டிகள் ஏன் நழுவுகிறார்கள் என்று ஆராய்ந்தபோதுதான் சமாச்சாரம் தெரிந்தது. டெல்டா ஊர்களில் வீடு வாங்க வருகிறவர் கேட்கிற முதல் கேள்வி, “அடிமனை யாருது?” என்பதுதான். கட்டடம் நம்முடையதாகவும் மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாகவும் இருக்கிற வீடுகள் இங்கே ஏராளம். அப்படிப்பட்ட மனையைச் சொந்தமாகக் கிரயம் செய்ய முடியாது. எங்கள் மனை சுத்தமான பட்டா மனை. ஆனால் பட்டா யார் பெயரில்? மேலே போய் அரை நூற்றாண்டான தாத்தா பெயரில்! அப்பா அதை மாற்றவே இல்லை. வருகிறவர் எதை நம்பி அட்வான்ஸ் கொடுப்பார்?

இறப்புச் சான்றிதழ், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், டவுன் சர்வே பதிவேடு, வில்லங்கம், பட்டா மாற்றம் என்று ஏழு மாசம் அலைந்தேன். சோழன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் பரிசோதகர் என்னிடம் டிக்கெட் கேட்பதையே விட்டுவிட்டு, “வீடு முடிஞ்சுதா ஸார்?” என்று கேட்க ஆரம்பித்தார்.

காகிதமெல்லாம் சரியானதும் 2023-ல் ஒரு டாக்டர் 65 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். அண்ணனும் இறங்கி வந்தார். தம்பிகூட முனகலோடு சரி என்றான். அப்போது டாக்டரின் ஆடிட்டர் உள்ளே புகுந்தார். 50 லட்சத்துக்குக் குறையாத சொத்து என்றால் வாங்குகிறவர் ஒரு சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். ஆனால், விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அவர் பங்குக்கு அந்த ஒரு சதவீதக் கணக்கு செல்லாது. பிடித்தம் எக்கச்சக்கமாக உயரும். பிடிக்காமல் விட்டால் வாங்கினவர் தலையில் விழும். “எனக்கு எதுக்கு ஸார் வம்பு?” என்று டாக்டர் கழன்றுகொண்டார்.

அன்று ராத்திரி அக்கா வழக்கம்போல போன் செய்தாள். டாக்டர் விலகிக்கொண்டதைச் சொன்னேன். “பரவாயில்லடா. நீ எத்தனை தடவைதான் அலைவே” என்றாள். அந்த மாசம்தான் அவள் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லியிருந்தார். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை. அவள் பெண் சொல்லித்தான் தெரியும்.

தம்பி வந்தான்

2024 பொங்கலுக்குத் தம்பி வந்தான். வீட்டைத் திறந்து காட்டினேன். சரிந்த அடுக்களையில் வேலிப்பருத்தி படர்ந்திருந்தது. போட்டோவில் பார்த்து ஒரு கோடி சொன்னவன் நேரில் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் திருச்சிக்குப் போனான். அக்காவின் புது வாடகை வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. குடிதண்ணீர் கேனை அவளே மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்திருக்கிறான்.

அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணினான். “அண்ணே, அந்த வரிச் சமாச்சாரம் பெரிய தொல்லைன்னு சொன்னீங்கல்ல? என் பங்கை அக்கா பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிட்டா அந்தத் தொல்லை விட்டுடும்ல?”

வரித் தொல்லைக்குப் பயந்து பங்கையே விட்டுக் கொடுத்த ஆளை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. “ஆமாம்டா, விட்டுடும்” என்று மட்டும் சொன்னேன். அவன் இங்கே இருக்கும்போதே பதிவும் ஆயிற்று. குடும்பத்துக்குள் எழுதுகிற விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை குறைவு. அவன் அமெரிக்காவில் இருந்தபடியே செய்திருந்தால் இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி, அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாசத்துக்குள் முத்திரை வைக்க வேண்டியிருக்கும்.

அதற்கப்புறம் வந்தது 43-வது பார்ட்டி. உள்ளூர் பள்ளிக்கூட டீச்சரும் அவர் கணவரும். நவம்பர் மாசம், நல்ல மழை. அன்று அம்மாவும் கூட வந்திருந்தாள். ‘குறையெல்லாம் சொல்லாதே’ என்று ரயிலிலேயே அண்ணன் போனில் எச்சரித்திருந்தார். அந்த டீச்சரோ வாஸ்துவைக் கேட்கவில்லை, அடிமனையைக் கேட்கவில்லை. நேரே அம்மாவிடம் போய், “மழைக்கு எங்கெங்கம்மா ஒழுகும்?” என்றார்.

அம்மா கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். “இதோ இங்க, ரேழி மூலையில. கூடத்துல இந்தக் கைமரத்துக்கு அடியில. அடுக்களை சுத்தமா போயிடுச்சும்மா, அதைப் பிரிச்சுத்தான் கட்டணும். ஆனா, கிணறு சித்திரையிலயும் வத்தாது. முற்றத்து ஜலதாரையில மட்டும் இலை அடைக்காம பார்த்துக்கோ.” முக்கால் மணி நேரம். நான் திண்ணையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். போச்சு, 44-வது பார்ட்டிக்குக் காபிப் பொடி வாங்க வேண்டியதுதான்!

டீச்சர் வெளியே வந்தார். “முன்கட்டை அப்படியே வெச்சுக்கிட்டுப் பின்னால மட்டும் கட்டிக்கறோம் ஸார். விலையைச் சொல்லுங்க” என்றார். 62 லட்சத்தில் முடிந்தது.

2024 டிசம்பரில் கிரயம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்... ஆக அவர்களுக்கு மேற்கொண்டு 5,58,000 ரூபாய். சார்பதிவாளர் ஆபீஸில் கேமராவைப் பார்க்கச் சொன்னால், அம்மா டீச்சரைப் பார்த்து, “கொல்லைக் கருவேப்பிலை மரத்தை மட்டும் வெட்டிடாதேம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போட்டோவில் அம்மா பக்கவாட்டில்தான் இருக்கிறாள்.

உங்கள் வீடும் விற்பனைக்கா?

பட்ட அனுபவத்தில் நாலு வார்த்தை. போர்டு மாட்டுவதற்கு முன்னால் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பங்காளிகள் எல்லோரும் உட்கார்ந்து, எந்த விலைக்குக் கீழே இறங்குவதில்லை என்று ஒரே தொகையை எழுதி வையுங்கள். புரோக்கர் கமிஷனை முதலிலேயே பேசிவிடுங்கள்.

‘பாதியைக் கறுப்பில் தருகிறேன்’ என்று வருகிறவருக்குக் காபிகூடக் கொடுக்காதீர்கள். 2015 ஜூனிலிருந்து சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

வரியையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 23-லிருந்து நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. அதற்கு முன்பே கைவசமிருந்த வீடு என்றால் உள்நாட்டில் வசிக்கும் தனிநபர்கள், விலைவாசி உயர்வைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம் கட்டும் பழைய கணக்கும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். விற்ற இரண்டு வருஷத்துக்குள் அந்த ஆதாயத்தில் வேறு வீடு வாங்கினால் வரிவிலக்கு உண்டு.

அக்கா அதைத்தான் செய்தாள். இரண்டு பங்கும், அம்மா வற்புறுத்திக் கொடுத்ததும் சேர்ந்து, திருச்சியில் இரண்டாவது மாடியில் சின்ன ஃபிளாட். லிஃப்ட் உண்டு. இப்போதும் ராத்திரி எட்டு மணிக்குப் போன் வருகிறது. “எப்படா வர்றீங்க எல்லாரும்?” என்கிறாள்.