மாதவிலக்கு நோவும் வளரிளம் பெண்களும்

“பெண்ணாய்ப் பிறந்தவள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்” என்று கூறி, மகளின் மாதவிலக்கு நோவை நாம் பல காலமாகப் புறக்கணித்து வந்திருக்கிறோம். எந்த நோவு இயல்பு, எது நோயின் அறிகுறி எனப் பகுத்தறிவது இன்றியமையாதது.

விலக்கு நாளில் கருப்பையின் உட்படலம் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருளைச் சுரக்கிறது. அதனால் கருப்பைத் தசை இறுகி அடிவயிறு நோகிறது. பூப்பெய்திய ஓரிரு ஆண்டுகளுக்குள் தோன்றி, இரண்டு மூன்று நாளில் தணிவது இவ்வகை நோவு. அடிவயிற்றில் வெந்நீர் ஒற்றடமும் உடற்பயிற்சியும் இதற்கு நலம் தரும். மருத்துவர் கூறும் அளவில் இபுப்ரோஃபன் அல்லது மெஃபனாமிக் அமில மாத்திரையை, நோவு தொடங்கியவுடன் உணவுக்குப்பின் உட்கொள்ளலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உடையோர் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உண்ணலாகாது.

மூன்று மாதம் இவ்வாறு செய்தும் தணியாத நோவு, திங்கள்தோறும் பள்ளியைத் தடுக்கும் நோவு, விலக்கல்லாத நாளிலும் வரும் நோவு, மலசலம் கழிக்கையில் வரும் நோவு ஆகியவை வேறு வகையின. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதை எண்டோமெட்ரியோசிஸ் என்பர். கருவுறும் பருவத்துப் பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர்க்கு இந்நோய் உண்டென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஸ்கேனில் ஒன்றும் தோன்றாமையால் மட்டும் நோய் இல்லை என்று துணிதல் தவறு. ஹார்மோன் மருந்துகள் நோவை அடக்கும். சிலர்க்கு லேப்ராஸ்கோப்பி அறுவை தேவைப்படும். மணமுடித்தால் நோய் தீரும் என்பது வெறும் நம்பிக்கை.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் தனுவச்சபுரம் போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மற்றொரு தடையும் உண்டு. 1956இல் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. தாய் தமிழ் பேச, மகள் மலையாளம் பயில்கிறாள். மருத்துவரிடம் சொல் தடுமாறுகிறது. மலையாளத்தில் மாதவிலக்கு ‘ஆர்த்தவம்’, வலி ‘வேதன’. நாம் மனத்துயருக்கு மிகுதியும் வழங்கும் சொல் அங்கே உடல்நோவைக் குறிக்கிறது. நோவு வந்த நாள், அதன் கடுமை, தவறிய பள்ளி நாள் ஆகியவற்றை மகளே குறித்து வைத்தால், அக்குறிப்பே மருத்துவரிடம் பேசும். முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை நாடலாம். மேல்சிகிச்சைக்குத் திருவனந்தபுரத்தில் எஸ்.ஏ.டி. மருத்துவமனை உளது.

2023 ஜனவரியில் கேரள அரசு, பல்கலைக்கழக மாணவியர்க்கு விலக்கு விடுப்பளித்து, தேர்வெழுத வேண்டிய வருகையை 75 விழுக்காட்டிலிருந்து 73ஆகக் குறைத்தது. அரசே ஏற்ற நோவை வீட்டார் மறுத்தல் முறையன்று. மகள் ‘வலிக்கிறது’ என்றால் முதலில் நம்புவோம். பின்னர் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.