கல்லூரி மாறும் தலித் மாணவரும் கைநழுவும் உதவித்தொகையும்

ஒவ்வோர் ஆண்டும் முதலாமாண்டுத் தேர்வு முடிவுகள் வெளியானதும் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஒரே விதமான கேள்வி எங்களிடம் வருகிறது. அருகிலுள்ள சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு முடித்துவிட்ட மாணவர், அதைவிடச் சிறந்த நிறுவனத்துக்கு, இயலுமானால் ஐ.ஐ.டி.க்கே, மாற முடியுமா என்பதே அக்கேள்வி. கேட்பவர்களில் பலர் சிப்காட் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக உள்ளோரின் பிள்ளைகள். குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக வரவிருப்பவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20 விழுக்காடு. ஆகவே இக்கேள்வியை ஒரு சில தனிமனிதரின் ஆசையாக மட்டும் கருதிவிட முடியாது.

மதிப்பெண் போதுமா என்ற கவலையோடுதான் மாணவர்கள் வருகிறார்கள். ஆனால், மாறுதலின்போது அவர்கள் இழப்பது பெரும்பாலும் வேறு இரண்டை: உதவித்தொகையையும் மூலச் சான்றிதழ்களையும். இவ்விரண்டையும் பாதுகாத்துக்கொண்டு மாறுவது எப்படி என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

வழிகள் உண்டா?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ஐ.ஐ.டி.களின் பி.டெக். படிப்பில் பிற கல்லூரி மாணவர்களை இடையில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை எழுதலாம். ஆகவே முதலாமாண்டில் படித்துக்கொண்டே இரண்டாம் முறை எழுதி, புதிய மாணவராகச் சேர்வது ஒன்றே வழி. அவ்வாறு சேரும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஐ.ஐ.டி.களில் கல்விக் கட்டணம் முழுமையாக விலக்கப்பட்டுள்ளது. இதை அறியாமலேயே விண்ணப்பிக்கத் தயங்குவோர் பலர்.

பாலிடெக்னிக் படித்தோர்க்கு நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கை உண்டு. இது கலந்தாய்வு மூலம் நடைபெறுவது, தரவரிசை வெளியிடப்படும், இடஒதுக்கீடு பின்பற்றப்படும். எனவே, நம் மாணவர்களுக்கு ஓரளவு நியாயமான வழி இதுவே.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற, இரு கல்லூரி முதல்வர்களின் தடையின்மைச் சான்றும், சேரும் கல்லூரியில் காலியிடமும், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் மற்றும் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் வேண்டும். இங்கே கலந்தாய்வு கிடையாது. முதல்வர்களின் இசைவே முதற்படி என்பதால், செல்வாக்கு உள்ளவருக்கு எளிதாகவும் இல்லாதவருக்கு அரிதாகவும் இவ்வழி அமைந்துவிடுகிறது.

2021இல் பல்கலைக்கழக மானியக் குழு கிரெடிட் வங்கி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஒரு நிறுவனத்தில் ஈட்டிய கிரெடிட்டுகளை ஏழாண்டுகள் வரை சேமித்து வேறிடத்தில் பயன்படுத்தலாம் என்கிறது அது. ஆயினும், பட்டம் வழங்கும் நிறுவனத்தில் குறைந்தது 50 விழுக்காடு கிரெடிட்டுகளை ஈட்டியிருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, இவ்விதிமுறைகள் எந்த நிறுவனத்திலும் இடம் பெறும் உரிமையை வழங்கவில்லை. கிரெடிட் கையில் இருந்தாலும் இருக்கை கிடைத்தால்தான் பயன்.

இருக்கும் படிப்பை விடாமலே முன்னேறவும் வழிகள் உள்ளன. சென்னை ஐ.ஐ.டி. இணையவழி நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை; அதன் தகுதிச் சுற்றில் தேறினால் போதும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைப் பயில 2022 ஏப்ரலில் மானியக் குழு அனுமதி அளித்துள்ளது. பட்டம் முடித்தபின் கேட், ஜாம் தேர்வுகள் வழியே முதுநிலையில் ஐ.ஐ.டி.க்குச் செல்வதும் இயலும். இவ்வழிகளில் மாற்றுச் சான்றிதழுக்காக இடையிலேயே எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

உதவித்தொகை விதியில் உள்ள கண்ணி

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தின் விதிகளில் நெடுங்காலமாக ஒரு நிபந்தனை உள்ளது. மாநில அரசின் முன் அனுமதியின்றி மாணவர் பாடப்பிரிவையோ நிறுவனத்தையோ மாற்றினால் உதவித்தொகை ரத்தாகலாம். ஏற்கெனவே வழங்கிய தொகையையும் அரசு தன் விருப்புரிமைப்படி திரும்பப் பெறலாம். ஆண்டின் நடுவே படிப்பை நிறுத்துவோருக்கும் இத்தகைய நிபந்தனை உண்டு. 'முன் அனுமதி' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மாறிய பின் போடும் மனு அரசின் கருணைக்கான வேண்டுகோளாகிவிடுகிறது.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இத்திட்டத்தை மாற்றியமைத்தது. செலவில் ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 விழுக்காடு ஏற்க வேண்டும்; ஒன்றியத்தின் பங்கு நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்குச் செல்லும். கேட்பதற்கு நன்றாகவே உள்ளது. ஆனால், தொகை தாமதமாக வரும் ஆண்டுகளில் கல்லூரியின் கணக்கேட்டில் கடனாளியாக நிற்பவர் மாணவரே. மாற்றுச் சான்றிதழ் கேட்டுச் செல்லும் நாளில் அந்த நிலுவை அவர்முன் வைக்கப்படுகிறது. அரசு செலுத்த வேண்டிய தொகைக்காக ஆலைத் தொழிலாளியின் மகள் பிணையாக நிறுத்தப்படுகிறாள்.

உதவித்தொகையால் படிப்பு அறுபடுவது நமக்குப் புதிதன்று. அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1916இல் அங்கிருந்து லண்டன் பொருளாதாரப் பள்ளிக்கு மாறினார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் ஆய்வைப் பாதியில் விட்டு நாடு திரும்ப நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதித்திருந்தது. சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியப் பணியாற்றிச் சேமித்த பணமும், கோலாப்பூர் சாகு மகாராஜா, நண்பர் நவல் பதேனா ஆகியோரின் உதவியும் துணைநிற்க, 1920இல் லண்டன் திரும்பினார். 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். பணம் நின்றபோதும் இடம் காத்திருந்தது. அந்த நான்காண்டு அனுமதி இல்லாதிருந்தால் அப்பட்டம் அவருக்குக் கிட்டியிருக்குமா என்பது ஐயமே. இன்று நம் மாணவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை.

சான்றிதழ் பிணைப்பொருளன்று

மாணவரின் மூலச் சான்றிதழ்களை உயர்கல்வி நிறுவனங்கள் தம்வசம் வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும் என்று 2018 அக்டோபரில் மானியக் குழு அறிவித்தது. கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் அவ்வறிவிப்பில் அளவுகள் உள்ளன. சேர்க்கைக்கான இறுதி நாளுக்கு 15 நாள்களோ அதற்கு மேலோ இருக்கையில் விலகினால் முழுக் கட்டணம். அதற்குப் பின் இறுதி நாளுக்குள் 90 விழுக்காடு. இறுதி நாளுக்குப் பின் 15 நாள்களுக்குள் 80 விழுக்காடு. 30 நாள்களுக்குள் 50 விழுக்காடு. அதன்பின் ஒன்றுமில்லை.

சான்றிதழ் விற்பனைச் சரக்கன்று. ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவைக் காட்டி அதன்மீது பிடிப்புரிமை கோர முடியாது என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. கட்டண நிலுவையை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையிலும் அந்நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பு பள்ளிகளைப் பற்றியது எனினும், அதன் கோட்பாட்டைக் கல்லூரிகளுக்கு எதிராகவும் நாம் முன்வைக்கலாம்.

எஞ்சிய ஆண்டுகளின் கட்டணத்தையும் செலுத்தச் சொல்லும் கல்லூரிகள் உண்டு. இஸ்லாமிக் அகாடமி வழக்கில் (2003) உச்ச நீதிமன்றம், ஒரு பருவத்துக்கோ ஓராண்டுக்கோ உரிய கட்டணத்தை மட்டுமே வசூலிக்கலாம் என்றது. அதே வேளையில், இடையில் விலகக்கூடிய மாணவரிடம் எஞ்சிய கட்டணத்துக்கு உறுதிப்பத்திரம் பெறலாம் என்றும் இடம்கொடுத்தது. எனவே, சேர்க்கையின்போது கையொப்பமிட்ட தாள்கள் எவை என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சான்றிதழ் மறுப்பு என்ற ஒன்றை மட்டும் கொண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்க இயலாது. பிறர் காணும் இடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் நிலைமை வேறு. அப்போது நாள், நேரம், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றே எழுதி வைக்க வேண்டும்.

கெடு முடிந்தால்?

அதுல் குமார் வழக்கு அனைவரும் அறிய வேண்டியது. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளியின் மகனான அத்தலித் மாணவருக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயை 2024 ஜூன் 24 மாலை 5 மணிக்குள் குடும்பத்தால் செலுத்த இயலவில்லை. ஜார்க்கண்ட் சட்டப்பணிகள் ஆணைக்குழு, சென்னை உயர் நீதிமன்றம் என அலைந்து உச்ச நீதிமன்றம் சென்றார். செப்டம்பர் 30 அன்று, அரசமைப்பின் 142ஆம் உறுப்பின்கீழ் அவரைச் சேர்க்க ஆணையிடப்பட்டது.

இன்னொன்று, இருக்கும் இடத்தை விட்டவர்களைப் பற்றியது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை மூன்று முறை எழுதலாம் என்று 2024 நவம்பர் 5 அன்று அறிவித்து, நவம்பர் 18 அன்று அதைத் திரும்பப் பெற்றனர். இடைப்பட்ட நாள்களில் அதை நம்பிக் கல்லூரியை விட்டவர்களைத் தேர்வுக்குப் பதிவுசெய்ய அனுமதிக்குமாறு 2025 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. இத்தகைய நிவாரணங்கள் அரிதானவை. அவற்றை நம்பிக் கையில் உள்ள இடத்தை விட்டுவிடக் கூடாது.

செய்ய வேண்டிய வரிசை

1. புதிய இடம் எழுத்துவடிவில் உறுதியாகும்வரை பழைய கல்லூரியில் விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம்.

2. விண்ணப்பிக்கும்போதே, கல்லூரி முதல்வர் வழியாகவும் நேரடியாகவும் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலருக்கு உதவித்தொகை மாறுதலுக்கான முன் அனுமதி கோரி மனு அளித்து, ஒப்புகை பெறுங்கள்.

3. நிலுவை எவ்வளவு, அதில் உதவித்தொகையாக வர வேண்டியது எவ்வளவு என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

4. சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல்களின் சான்றொப்பமிட்ட படிகளை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். வேறு பல்கலைக்கழகம் எனில் இடப்பெயர்வுச் சான்றிதழுக்கும் உடனே விண்ணப்பியுங்கள்.

5. சான்றிதழ் மறுக்கப்பட்டால் ஒப்புகையுடன் கூடிய பதிவு அஞ்சலில் கோரிக்கை அனுப்பி, பல்கலைக்கழகத்துக்கும் படி அனுப்புங்கள். பயனில்லையேல் அரசமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம்.

6. வழக்குச் செலவுக்கு அஞ்ச வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடியினர் எவரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற உரிமையுடையவர். திருவள்ளூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

தனி மாணவரின் விழிப்பு மட்டும் போதாது. முன் அனுமதி மனுமீது 15 நாள்களில் முடிவெடுக்க வேண்டும், எடுக்கத் தவறினால் அனுமதி அளிக்கப்பட்டதாகக் கருத வேண்டும் என அரசு ஆணையிட வேண்டும். அரசு தர வேண்டிய நிலுவையைக் காரணம் காட்டிச் சான்றிதழை நிறுத்தும் கல்லூரிமீது நடவடிக்கை எடுக்க வேண்டும். கல்லூரி மாறுதல் இடங்களும் பொதுவில் அறிவிக்கப்பட்டு, தரவரிசையும் இடஒதுக்கீடும் பின்பற்றி நிரப்பப்பட வேண்டும். இக்கோரிக்கைகளில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை, அரசாணைகளே போதுமானவை. அவற்றைப் பெறும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது நம் இயக்கங்களின் கடமை.