கம்பியில் இணையம், காற்றில் இரைச்சல்

செங்கத்திலிருந்து ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் ஏறினால் செல்போன் சிக்னல் வளைவுக்கு வளைவு வந்துவந்து போகும். கரண்ட் கம்பி மட்டும் கூடவே வரும். நாட்டின் பல மலையூர்களில் தொலைபேசிக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததும் அந்தக் கம்பிதான். அப்படியிருக்க, இணையத்தையும் அதிலேயே அனுப்பிவிட்டால் என்ன? குழி தோண்ட வேண்டாம், கோபுரம் நட வேண்டாம், வீட்டில் பிளக்கைச் சொருகினால் போதும்.

கேட்பதற்கு இத்தனை அழகான யோசனை என்பதால்தான் உலகமே கொஞ்ச காலம் இதன் பின்னால் ஓடியது. 1997-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்து மின் நிறுவனமான நார்வெப், கனடாவின் நார்டெல் நிறுவனத்தோடு சேர்ந்து இதைப் பெரிதாக அறிவித்தது. இரண்டே வருடத்தில் நார்டெல் விலகிக்கொண்டது. 2004-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் இதற்கென்று விதிமுறைகள் வகுத்தது. மறுவருடம் வர்ஜீனியா மாநிலத்தின் மனாசஸ் நகரம், ஊர் முழுவதற்கும் மின்கம்பி வழியே இணையம் கொடுத்தது. 2010-ல் நகர மன்றமே அதை மூடியது. கடைசியில் மிஞ்சியிருந்த சந்தாதாரர்கள் ஏறத்தாழ ஐந்நூறு பேர்.

ஏன் தோற்றது? காசு ஒரு காரணம். டிரான்ஸ்பார்மர் உயர் அதிர்வெண்ணை உள்ளே விடாது; ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு போக மாற்றுவழி அமைக்க வேண்டும். சில நூறு மீட்டருக்கு ஒருமுறை சமிக்ஞைக்கு வலுவூட்ட வேண்டும். பத்து வீட்டுக்காகக் கிலோமீட்டர் கணக்கில் கம்பி இழுத்திருக்கும் மலைக்கிராமத்தில் இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. மழைக்காலத்தில் மரக்கிளை முறிந்து கம்பி அறுந்தால் கரண்டோடு இணையமும் போய்விடும். ஆனால் எனக்கு முக்கியமாகப் படும் காரணம் வேறு. அது இயற்பியல் சம்பந்தப்பட்டது.

தொலைபேசிக் கேபிளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே இரண்டிரண்டு கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும். ஒன்றில் போகும் மின்னோட்டம் மற்றதில் திரும்பி வரும். இரண்டும் ஒட்டியே இருப்பதால் ஒன்று வெளியே பரப்பும் அலையை இன்னொன்று அழித்துவிடும். கரண்ட் கம்பத்தில் அப்படியில்லை. கம்பிகள் காற்றில் தள்ளித்தள்ளி ஓடுகின்றன. வீட்டுக்கு வீடு சர்வீஸ் ஒயர் இறங்குகிறது. ஒரு கம்பியில் போனது இன்னொன்றில் அதே அளவில் திரும்புவதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல, ஏனென்றால் அதன் அலைநீளம் 6,000 கிலோமீட்டர். இணையத்தை ஏற்றுவதற்கோ சுமார் 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், சில கருவிகளில் 80 வரையிலும் அலைவரிசை தேவை. 10 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 30 மீட்டர். கம்பத்துக்குக் கம்பம் உள்ள தூரமும் ஏறக்குறைய அந்த அளவில்தான். ஒரு கம்பியின் நீளமும் அலைநீளமும் இப்படி அருகருகே வந்துவிட்டால் அது ஆன்டெனாவாகிவிடும். நெடுகத் துளையிட்ட சொட்டுநீர்க் குழாய் வழியே நீர் ஒழுகுவதுபோல, தெரு நெடுகத் தகவல் காற்றில் கசிந்துகொண்டே போகும்.

கசிந்தால் என்ன நஷ்டம்? 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலை, வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் தன்மை கொண்டது. செயற்கைக்கோளும் கோபுரமும் இல்லாமலே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே இலங்கை வானொலியையும் பிபிசி தமிழோசையையும் இதில்தான் கேட்டது. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுபோனாலும் சிற்றலை காலியாகிவிடவில்லை. நடுக்கடல் தாண்டும் விமானங்கள், கப்பல்கள், பாதுகாப்புப் படைகள், உரிமம் பெற்ற ஹாம் வானொலி ஆர்வலர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

2004 டிசம்பரில் ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானில் அதற்குமுன் பல வருடங்களாக ஹாம் ஒலிபரப்புக்கு அனுமதி இருக்கவில்லை. சிறப்பு அனுமதி வாங்கி, பாரதி பிரசாத் தலைமையில் உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதற்காக வந்திருந்தார்கள். 26-ஆம் தேதி காலை சுனாமி அடித்தது. தொலைபேசி செத்துப்போனது. பொழுதுபோக்காகப் பேச வந்தவர்கள் அதே கருவியை வைத்துக்கொண்டு, தீவில் மாட்டியவர்களின் செய்தியை வெளியே அனுப்பினார்கள். பெரிய கோபுரம் எதுவும் அவர்களிடம் இல்லை. ஓர் ஆன்டெனா, ஒரு கருவி, கூடவே இரைச்சல் இல்லாத அலைவரிசை. அந்த மூன்றாவது பொருளைக் கடையில் வாங்க முடியாது.

ஹாம்கள் பல சமயம் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவான சமிக்ஞையைக் காதால் பிரித்தறிந்து பேசுகிறவர்கள். அமெரிக்க விதியோ, சிற்றலையில் 30 மீட்டர் தள்ளி அளந்தால் மீட்டருக்கு 30 மைக்ரோவோல்ட் வரை கசிவை அனுமதித்தது. கம்பி வாசலிலேயே போகிறவனுக்கு இது தாங்காது. மனாசஸ் ஹாம்கள் புகார்மேல் புகார் கொடுத்தார்கள். அவர்களுடைய தேசிய அமைப்பு வழக்குப் போட்டது. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையம் தான் நம்பிய ஆய்வுகளின் பகுதிகளைப் பொதுமக்களிடமிருந்து மறைத்தது தவறு என்று சொல்லி, விதியை மறுபடி பரிசீலிக்கத் திருப்பி அனுப்பியது. பிற்பாடு வந்த கருவிகளில் ஹாம் அலைவரிசைகளை மட்டும் வெட்டிவிடும் ஏற்பாடு வந்தது. நல்லதுதான். ஆனால் வெட்டவேண்டி வந்ததே, கசிவு உண்மை என்பதற்கு ஒப்புதல் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஜப்பான் 2002-ல் சோதித்துப் பார்த்து நிறுத்திவைத்தது; 2006-ல் வீட்டுக்குள் மட்டும் என்று அனுமதித்தது. அதுதான் நிதானமான முடிவு.

இரைச்சல் ஹாம்களுக்கு மட்டும் பகை அல்ல. முதலில் சொன்ன செங்கத்துக்கு நேர் வடக்கே, அதே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. இருட்டான வானம் வேண்டும் என்பதற்காகத் தேடிக் கண்டுபிடித்த இடம். தெருவிளக்கின் வெளிச்சம் அங்குள்ள தொலைநோக்கிக்குப் பகை என்று சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம், ராமன் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் ஆயிரம் டைபோல்களை வரிசையாக நட்டு, 34.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தை வரைபடமாக்கியது. மின்கம்பி இணையத்தின் சில கருவிகள் கேட்கும் அலைவரிசைக்குள்ளேயே வரும் எண் இது. வானொலித் தொலைநோக்கிக்கும் இருட்டு வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இருட்டு என்பதால் அதற்காக வாதாட ஆள் குறைவு.

கம்பி வழியே பேசுவது மின்வாரியத்துக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். துணை மின்நிலையத்து வேலியோரம் நின்று பாருங்கள். உயர் அழுத்தக் கம்பி உள்ளே நுழையும் இடத்தில், பீப்பாய் அளவில் ஒரு சுருள் தொங்கும் அல்லது தாங்கியின்மேல் நிற்கும். அதற்கு ‘வேவ் டிராப்’ என்று பெயர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை உள்ளே விட்டு, அதன்மேல் ஏறிவரும் உயர் அதிர்வெண் சமிக்ஞையை மட்டும் தடுத்து, பக்கத்திலுள்ள கருவிக்குத் திருப்பிவிடும். ஒரு மின்நிலையம் இன்னொன்றோடு பேசுவதும், எங்கோ பழுது வந்தால் பிரேக்கரை விழச்சொல்வதும் பல்லாண்டுகளாக இப்படித்தான் நடந்துவந்தன. இதற்குச் சுமார் 50 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் போதும். அலைநீளம் பெரிது, எடுத்துக்கொள்ளும் இடமும் மிகக் குறுகலானது. நம் மத்திய அலை வானொலி 531-ல்தான் தொடங்குகிறது. ஆக, கம்பியில் பேசுவது குற்றமில்லை. அகலமாகவும் உயரமான அதிர்வெண்ணிலும் பேசியதில்தான் வம்பு வந்தது.

கடைசியில் இணையம் மின்வாரியத்தின் கம்பங்களில்தான் ஏறியது, கம்பியில் அல்ல. 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் தமிழ்நாட்டின் கண்ணாடியிழைத் திட்டத்தில் கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேதான் போகிறது. கண்ணாடிக்குள் ஓடுவது ஒளி. அதிலிருந்து வானொலி அலை கசிய வழியே இல்லை. பழைய யோசனையில் நல்லதாக இருந்த பாதி, அதாவது ஏற்கெனவே நட்ட கம்பத்தைப் பயன்படுத்துவது, பிழைத்துக்கொண்டது.

இதனால் காற்று சுத்தமாகிவிட்டதா என்றால் இல்லை. மலிவான எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் எல்லாம் உள்ளுக்குள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை கரண்டை வெட்டி வெட்டித்தான் வேலை செய்கின்றன. வடிகட்டியைச் சேர்க்காமல் காசு மிச்சம் பிடித்த கருவி, அந்த வெட்டின் இரைச்சலை வீட்டு ஒயரிங்கிலேயே இறக்கும். மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று வாங்கும் பவர்லைன் அடாப்டரும் வீட்டு ஒயரிங்கில் இரைச்சலை இறக்கும் ரகம்தான். எத்தனை வீட்டில் எத்தனை இருக்கிறதோ அத்தனையும் கூடித்தான் ஊரின் இரைச்சல்.

சோதித்துப் பார்ப்பது எளிது. பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டரை எடுத்து, மத்திய அலையில் சென்னையின் 720-க்கும் திருச்சியின் 936-க்கும் நடுவே நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். வீட்டில் ஒவ்வொரு சுவிட்சாக அணையுங்கள். எதை அணைக்கும்போது கரகரப்பு அடங்குகிறதோ, அதுதான் ஆள். மெயினையே அணைத்தும் அடங்காவிட்டால் தெருவில் இறங்கி நடங்கள். ஒரு குறிப்பிட்ட கம்பத்தருகே சத்தம் ஏறி, நல்ல மழை பெய்தபின் மாறினால், பீங்கான் இன்சுலேட்டரில் கீறலோ, தளர்ந்த இணைப்பில் தீப்பொறியோ இருக்கக்கூடும். வானொலியைக் கெடுப்பதோடு நிற்கும் கோளாறு அல்ல அது. நாளை அந்தக் கம்பி அறுந்து விழலாம். கம்பத்தைத் தொடாமல், அதில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு ஈபி அலுவலகத்தில் சொல்லுங்கள்.