பூனை மூத்திர நாற்றமா? குளோராக்ஸ் ஊற்றாதீர்கள்!



தோட்டத்து லயத்தில் இருந்தாலும் சரி, கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அடுக்குமாடியில் இருந்தாலும் சரி, பூனை, நாய் வளர்க்கும் வீட்டில் இந்தத் தொல்லை உண்டு. கழுவியாச்சு என்று நினைப்போம். நாலு நாள் மழை பெய்தால் மறுபடியும் ‘குப்’பென்று அடிக்கும். “எத்தனை வாட்டி கழுவினாலும் போகலையே, ஐயா?” என்று கேட்கிறீர்கள்.

காரணம் இதுதான். மூத்திரத்தில் உள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியா வாயுவாக மாற்றுகின்றன. மூக்கைத் துளைப்பது அது. கூடவே யூரிக் அமிலம் என்ற பொருள் சிமெண்டுத் தரையிலும் மெத்தைப் பஞ்சிலும் ஊறித் தங்கிவிடும். அது வெறும் தண்ணீரில் லேசில் கரையாது. ஈரம் ஏறினால் நாற்றம் கிளம்பும். சாம்பிராணி போட்டால் நாற்றம் மறையும்; போகாது.

நாற்றம் தாங்காமல் சிலர் குளோராக்ஸ் போன்ற வெளுப்புத் தண்ணீரை அதன் மேலேயே ஊற்றுகிறார்கள். கூடவே கூடாது! அம்மோனியாவோடு அது சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும். கண் எரியும், இருமல் வரும், மூச்சு முட்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு ரொம்ப ஆபத்து. வெளுப்புத் தண்ணீரோடு வினிகரைக் கலந்தாலோ குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில், 1915-இல், பெல்ஜியத்துப் போர்முனையில் சிப்பாய்களைக் கொன்றது அந்த வாயுதான். தவறிக் கலந்துவிட்டால் எல்லாரும் உடனே வெளியே போய் நல்ல காற்றில் நில்லுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் 999-ஐ அழையுங்கள்.

பின்னே என்ன செய்வது? கைச்செலவு குறைந்த வழி இருக்கிறது:

1. ஈரம் காயுமுன் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும்.

2. பச்சைத் தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றுங்கள்.

3. வெள்ளை வினிகர், அதாவது மலாயில் சூக்கா, 1 கோப்பை. தண்ணீர் 1 கோப்பை. கலந்து ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். வினிகரின் புளிப்பு அம்மோனியாவை முறிக்கும். பளிங்குத் தரைக்கு மட்டும் ஆகாது.

4. ஒற்றி எடுத்து, ஆப்பச் சோடாவைத் தூவி, இரவு முழுக்க விட்டுக் காலையில் கூட்டி எடுங்கள்.

5. பாய், மெத்தை, துணியை நல்ல வெயிலில் காயப் போடுங்கள்.

பழைய கறை என்றால் இரண்டு மூன்று தடவை செய்யணும். பினாயில் வேண்டாம், காலில் ஒட்டியதைப் பூனை நக்கினால் அதற்கு விஷம்.

கர்ப்பிணித் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பூனை மலத்தை நீங்கள் அள்ளாதீர்கள். அதில் இருக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். அது தொற்றும் நிலைக்கு வர 1 நாளாவது ஆகும். ஆகவே வீட்டில் வேறொருவர் தினமும் அள்ளி, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அந்த வேலையை ஆம்பிளைகள் ஏற்றுக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது!